நீல மூடிப் போத்தல்

ஆலங்கரை,
புத்தளம் மாவட்டம்.
07.05.2024

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். வெயிலில் முகம் கருகிவிட்டது, அதைத் தவிர குறையில்லை. உங்கள் காது எப்படி? டொக்டரிடம் போங்கள் என்றால் மழை விட்டதும் போகிறேன் என்பீர்கள். அலவத்துகொடையில் மழை எப்போது விட்டது? இங்கே தென்னை மரத்தில் ஏறினால்தான் சிக்னல். ஏறிப் பேசினாலும் உங்களுக்குக் கேட்கப்போவதில்லை. ஆகவே இனிக் கடிதம்தான். கருவாட்டு லொறி ஓட்டும் அம்ஜத் நானா வாராவாரம் கண்டி மார்க்கட்டுக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். நீங்களும் அவரிடமே கொடுங்கள்.

உம்மா, கடைசியில் கிடைத்துவிட்டது. கடல்நீர் தேங்கும் இந்தக் களப்புச் சேற்றில் குழி தோண்டி வாழும் இறாலைத்தான் இரண்டு வருடமாகத் தேடுகிறேன். இன்னும் யாரும் பெயர் வைக்காத இனம். விரல் நீளம், கண்ணாடி போன்ற உடம்பு, ஒரு கை மட்டும் பெரியது. பெண் இறால் எத்தனையோ கிடைத்தது. ஆனால் ஆணின் பெரிய கையில் உள்ள பல் வரிசையைக் காட்டினால்தான் இது வேறு இனம் என்று ஒத்துக்கொள்வார்கள். நேற்று இடுப்பளவு சேற்றில் நின்று குழாயால் உறிஞ்சியபோது ஒரே ஒரு ஆண் வந்தது.

வழக்கமாக இவற்றைக் கெம்பஸ் ஆய்வுகூடத்தில்தான் வைப்போம். அங்கே வேலைநிறுத்தம், சாவி ஊழியர்களிடம். அவர்கள் கேட்பது நியாயமான சம்பளம், அதைக் குறை சொல்ல மாட்டேன். நான் இருக்கும் குடிசையிலோ கூரை ஒழுகுகிறது. அதனால் போத்தல்களை உங்களிடம் அனுப்புகிறேன். என் அலுமாரியின் கீழ்த் தட்டில் வையுங்கள். நீல மூடிப் போத்தலில்தான் அந்த ஆண் இருக்கிறது. மூடியைத் திறக்க வேண்டாம். கொஞ்சம் நெடி வரும். அது மருந்து.

ஏன் இந்த அவசரம் என்பீர்கள். இந்தச் சேற்று நிலத்தை வெட்டி இறால் பண்ணை போட ஒரு கொம்பனி வந்திருக்கிறது. ஓகஸ்டில் விசாரணைக் கூட்டம். பெயரில்லாத உயிரை அழித்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது. பெயர் இருந்தால் குறைந்தபட்சம் ஒரு கடுதாசியாவது எழுதிப் போடலாம்.

துஆ செய்யுங்கள்.

உங்கள் மகள்,
றிப்தா

*

அலவத்துகொட.
14.05.2024

அருமை மகள் றிப்தாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் நானும் மூத்தவன் உன் பாயிஸ் நானாவும் சுகம். காது அப்படியேதான். பள்ளி பாங்கு மட்டும் கேட்கிறது, அது போதும்.

போத்தல்கள் உடையாமல் வந்தன. அம்ஜத் தன் சீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக் கொண்டுவந்தானாம். "மாமி, ஒங்கட மகள் அனுப்பின கருவாடு இன்னும் காயவே இல்ல" என்று என் காதுக்குள் கத்திவிட்டுச் சிரித்தான். தேத்தண்ணி கொடுத்தேன், வாசலில் நின்றே குடித்துவிட்டுப் போனான்.

நீ சொன்னபடி கீழ்த் தட்டில் வைத்து மேலே ஒரு படுக்கைச் சீலையைப் போட்டிருக்கிறேன். நீல மூடியைத் தனியாக மூலையில் வைத்தேன். பார்த்தேன் மகள். பாவம், ஒரு கை பெரிதாகப் போனால் எப்படித்தான் நடக்குமோ.

அக்குறணையிலிருந்து ஒரு இடம் வந்திருக்கிறது. ஹாட்வெயார் கடை. ஹஜ் பெருநாள் முடிந்ததும் வீட்டைப் பார்க்க வருவார்கள். உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். பாயிஸ் சொல்கிறான், இருபத்தொன்பது வயதில் சேற்றுக்குள் நிற்கிறாள் என்று ஊரில் கதைக்கிறார்களாம்.

அலுமாரியைத் திறந்தால் அந்த நெடி வருகிறது. என்ன மருந்து மகள் அது? சும்மா கேட்கிறேன், வேறொன்றும் இல்லை. எனக்கு அந்த நெடி புதிதல்ல.

நேரத்துக்குச் சாப்பிடு.

உம்மா

*

ஆலங்கரை.
02.06.2024

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் கிடைத்தது. பதில் தாமதம். காய்ச்சல் வந்து போனது, இப்போது சுகம்.

கொம்பனிக்காரர்கள் வந்து சேற்றில் சிவப்புக் கொடி நட்டிருக்கிறார்கள். நான் உறிஞ்சுகிற இடத்தின் நடுவிலும் ஒன்று. பக்கத்து வீட்டு வேலாயி அக்கா நண்டு பொறுக்கப் போனவ, அந்தக் கொடியைப் பிடுங்கி வந்து அடுப்புத் துணியாக்கிவிட்டா. மறுநாள் இரண்டு பேர் வந்து மிரட்டினார்கள். இங்கே வேலை கிடைக்கும் என்று ஆண்கள் பாதிப் பேர் கொம்பனி பக்கம். எத்தனை பேருக்கு வேலை என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. நான் கேட்டேன், பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

அந்த ஹாட்வெயார் வீட்டுக்காரருக்கு நான் என்ன படிக்கிறேன் என்று தெரியுமா? வீட்டை வந்து பார்ப்பார்கள், அலுமாரியைப் பார்ப்பார்கள், குசினி அடுப்பைப் பார்ப்பார்கள். என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்ப்பார்கள். பாயிஸ் நானாவிடம் சொல்லுங்கள், ஊர் கதைக்கட்டும். ஊருக்கு வேறு வேலை இல்லை.

வேலைநிறுத்தம் முடிந்ததும் சஞ்சீவனி வந்து போத்தல்களை எடுத்துக்கொள்வாள். என்னோடு படிக்கிற கண்டி மஹய்யாவப் பிள்ளை, ஒருமுறை வீட்டுக்கு வந்து உங்கள் வட்டிலாப்பத்தை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாளே, அவள்தான். இறாலை அவள்தான் வரையப்போகிறாள். அதுவரை நீங்கள்தான் காவல்.

றிப்தா

*

அலவத்துகொட.
25.06.2024

அருமை மகளுக்கு,

வஅலைக்கும் ஸலாம். பெருநாள் நல்லபடி முடிந்தது. நீ இல்லாமல் வட்டிலாப்பம் மிஞ்சிப்போனது. காய்ச்சலுக்கு என்ன குடித்தாய் என்று எழுதவில்லை. கொத்தமல்லி இருக்கிறதா அங்கே?

அக்குறணைக்காரர் வந்து போனார்கள். மாப்பிள்ளையின் தாய் எல்லா அறைக்கும் போனா. உன் அறையில் நின்று மூக்கை உறிஞ்சினா. பிறகு மெதுவாகக் கேட்டா, எனக்குக் கேட்காது என்று நினைத்தாவோ என்னவோ, ஆனால் உதட்டைப் பார்த்தே எனக்கு விளங்கியது. "இந்த வீட்ல ஆம்புளைங்க குடிக்கிறதா?"

பாயிஸின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் பீடி கூடக் குடிக்காத பிள்ளை.

அவர்கள் போனதும் உன் போத்தல்களை எடுத்தேன். நீ பயப்படாதே, ஒன்றையும் எறியவில்லை. அந்தத் தண்ணியை வெளியே சாக்கடைக் கானில் ஊற்றிவிட்டுக் கிணற்றுத் தண்ணியால் ஒவ்வொன்றையும் பக்குவமாகக் கழுவினேன். கை கால் ஒன்றும் உடையவில்லை. உள்ளே நீ எழுதிப் போட்ட துண்டுகளை அந்தந்தப் போத்தலிலேயே போட்டேன். பிறகு நல்ல தென்னை வினாகிரி ஊற்றி நிரப்பினேன். கடை வினாகிரி அல்ல, மாத்தளையிலிருந்து வருவது. நான் போடும் எலுமிச்சை ஊறுகாய் மூன்று வருடம் நிற்கிறது, இது நிற்காதா? வினாகிரி நபியவர்கள் புகழ்ந்த சாமான். உன் இறாலும் ஹலாலாக இருக்கட்டும்.

இப்போது அறையில் ஊறுகாய் வாசம்தான். எனக்கும் நிம்மதி.

உம்மா

*

ஆலங்கரை.
26.06.2024

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்ஜத் நானா இந்த வாரம் முந்திப் புறப்படுகிறார், அதனால் அவசரமாக எழுதுகிறேன். உங்கள் பதில் இன்னும் வரவில்லை, பெருநாள் அலுப்பாக இருக்கும்.

கெம்பஸ் விரைவில் திறக்கும் என்கிறார்கள். திறந்த அன்றே சஞ்சீவனி வருவாள். முதலில் நீல மூடிப் போத்தலைக் கொடுங்கள். மற்றவை பிந்தினாலும் பரவாயில்லை. நான் தினமும் சேற்றில் இறங்குகிறேன், இன்னொரு ஆண் கிடைக்கவில்லை. பேராசிரியர் ஒப்புக்கொண்டுவிட்டார், அந்த ஒன்றின் படத்தோடு ஓகஸ்ட் கூட்டத்துக்கு ஒரு குறிப்புக் கொடுக்கலாமாம். எல்லாம் அந்த ஒன்றை நம்பித்தான் உம்மா.

இங்கே முதல் தடவையாக நன்றாகத் தூங்கினேன். அது உங்கள் அலுமாரியில் இருப்பதால்.

றிப்தா

*

அலவத்துகொட.
30.07.2024

அருமை மகளுக்கு,

ஸலாம். சுகமா? லொறி நாலைந்து தரம் வந்து போய்விட்டது, உன் கடிதம் இல்லை. அம்ஜத்திடம் கேட்டால், "உயிரோட இருக்கா மாமி, சேத்துக்குள்ள நிக்கிறா, என்னோடயும் கதைக்கல்ல" என்கிறான்.

அந்தப் பிள்ளை சஞ்சீவனி வந்தாள். நீல மூடியைத்தான் முதலில் கொடுத்தேன். திறந்து மணந்து பார்த்தாள். ஒரு குச்சியால் உள்ளே தொட்டாள். பிறகு கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். தேத்தண்ணி ஊற்றினேன், குடிக்கவில்லை. என்ன மகள் என்றேன். "ஒன்னும் இல்லம்மா, வெயில்ல வந்தது" என்றாள். அன்றைக்கு மழை.

அக்குறணையிலிருந்து இன்னும் பதில் இல்லை.

ஒரு வரியாவது எழுது.

உம்மா

*

ஆலங்கரை.
24.08.2024

உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகம். வேலை அதிகம், அதனால் எழுதவில்லை. போத்தல்கள் சஞ்சீவனிக்குக் கிடைத்தன. நன்றி.

கூட்டம் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரிகளுக்கும் கொம்பனிக்காரருக்கும் மின்விசிறி, இந்தப் பக்கம் எங்களுக்கு வாசல் காற்று. வேலாயி அக்கா பேச எழுந்தபோது எழுத்தில் கொடுங்கள் என்றார்கள். என்னிடம் அந்த உயிரைக் காட்டச் சொன்னார்கள், சஞ்சீவனி கொண்டுவந்திருந்தாள், காட்டினேன். ஒரு அதிகாரி அதை விரலால் அமுக்கிப் பார்த்தார். இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ஓடு உள்ள இன்னொன்று கொண்டுவாருங்கள் என்றார். கொம்பனி வக்கீல், "இதென்ன மிஸ், நேத்து வெச்ச இறால் சொதியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் ஆட்களும் சிலர் சிரித்தார்கள்.

இன்னொரு ஆணைத் தேடுகிறேன். வேறு விசேஷம் இல்லை.

மருந்தை நேரத்துக்குக் குடியுங்கள்.

றிப்தா

*

மஹய்யாவ,
கண்டி.
15.09.2024

அன்புள்ள றிப்தா,

நல்லா இருக்கியா? படங்களை இதோட அனுப்பியிருக்கேன். உன் கடிதம் வர்ற அதே லொறியிலதான் இதுவும் வருது, ஒரே கருவாட்டு நாத்தம், மன்னிச்சுக்கோ.

ஆணோட கையை ஒருவழியா வரைஞ்சிட்டேன். ஓட்டுல இருந்த சுண்ணாம்பு அத்தனையும் வினாகிரியில கரைஞ்சு போச்சு, கண்ணாடித் தாள் மாதிரி தோல்தான் மிச்சம். ஆனா அந்தத் தோல்ல பல் வரிசை அப்படியே பதிஞ்சிருக்கு. தண்ணிக்குள்ள மிதக்கவிட்டு வரைஞ்சேன். வெளிய எடுத்தா சுருண்டுடுது. இதை வச்சு எழுதலாம்னு சார் சொல்றாரு, ஆனா பழுதாப் போனது ஏன்னு ஒரு வரி கட்டாயம் போடணுமாம்.

இப்ப எழுதப்போறதைச் சொல்ல வேணாம்னு உங்க உம்மா சொன்னாங்க. நான் சொல்றேன். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எவ்வளவு நாளைக்குத்தான் வாயை மூடிக்கிட்டு இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை எங்க வீட்டுக்கு வந்தாங்க. தனியா. அலவத்துகொடையிலிருந்து பஸ்ஸுல, மடியில ஒரு ஜாம் போத்தலை வச்சுக்கிட்டு. உள்ள வினாகிரியில ஒரு கோழி முட்டை. ஓடு இல்ல, தோல் மட்டும், ரப்பர் பந்து மாதிரி. நான் அன்னைக்கு உங்க வீட்ல உக்காந்துட்டேன்ல, அதை யோசிச்சு யோசிச்சு அவங்களே போட்டுப் பாத்திருக்காங்க. முட்டையைக் காட்டி, "புள்ள, இதுதானா நடந்தது?" ன்னாங்க.

ஆமான்னு தலையாட்டினேன்.

போத்தலைத் திரும்ப மடியில வச்சு மூடியை இறுக்கினாங்க. அப்புறம், "அந்தக் கூட்டத்துல சிரிச்சது இதுக்காகத்தானா?" ன்னு கேட்டாங்க. அதுக்கும் ஆமான்னேன். காது கேக்காதுன்னு கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்துச்சு, எங்க லைன் பூரா உன் இறால் கதை தெரிஞ்சுபோச்சு. எங்கப்பா முனிசிபல்ல ரோடு கூட்டின மனுசன், இதைக் கேட்டுட்டு வந்து உக்காந்து, "எங்க அப்பாவும் அந்த இறால் மாதிரித்தாம்மா. பிரஜாவுரிமைக் காகிதத்துல பேர் வர்ற வரைக்கும் இந்த நாட்டுலயே இல்ல" ன்னாரு. உங்க உம்மா சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே அழுதாங்க.

போறப்ப வாசல்ல நின்னு சொன்னது இதுதான்: "நான் அறிஞ்சேன்னு அவளுக்குச் சொல்லாதே. தெரிஞ்சா எனக்கு ஆறுதல் சொல்லத் தொடங்குவாள். அந்த வேலையும் அவளுக்கு எதுக்கு."

முட்டையை எங்க வீட்டு ஜன்னல்லயே விட்டுட்டுப் போயிட்டாங்க. தூக்கிப்போட மனசு வரல.

சஞ்சீவனி

*

அலவத்துகொட.
20.10.2024

அருமை மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். டொக்டரிடம் போனேன், நீ இனி அதைக் கேட்க வேண்டாம். காதுக்கு மெஷின் வேண்டுமாம், பாயிஸ் பார்த்துக்கொள்வான்.

அக்குறணையிலிருந்து சம்மதம் என்று ஆள் அனுப்பினார்கள். கல்யாணத்துக்குப் பிறகு கடற்கரை வேலை வேண்டாமாம், அறையையும் துப்புரவாக வைத்திருக்க வேண்டுமாம். எங்களுக்குச் சரிவராது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பாயிஸ் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. எனக்கு எப்படியும் கேட்காதுதானே.

இந்த லொறியில் ஒரு பெட்டி வருகிறது. பழைய சால்வையில் சுற்றி இரண்டு போத்தல் ஸ்பிரிட் இருக்கிறது. சஞ்சீவனி எழுதிக் கொடுத்த பெயரைக் காட்டித்தான் கண்டி டவுனில் வாங்கினேன். மூன்று பாமசி ஏறி இறங்கினேன். கடைசிக் கடைக்காரப் பையன் என் பர்தாவைப் பார்த்தான், சீட்டைப் பார்த்தான், இவ்வளவும் எதுக்கு உம்மா என்று கேட்டான். என் மகள் இறால் பிடிக்கிறாள் என்றேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கும் முழுதாக விளங்கவில்லைதான்.

இன்னும் ஒரு போத்தலை உன் அலுமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். மூடி இறுக்கமில்லை போலிருக்கிறது, நெடி வருகிறது. வரட்டும்.

உம்மா

*

ஆலங்கரை.
18.02.2025

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மெஷின் பழகிவிட்டதா? எல்லாச் சத்தமும் ஒரேயடியாகக் கேட்கிறது என்று நானாவுடன் சண்டையாம், அம்ஜத் நானா சொன்னார்.

பெட்டி கிடைத்ததற்கு அப்போதே எழுதியிருக்க வேண்டும். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

கட்டுரை அச்சில் வந்துவிட்டது. இத்துடன் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் இருப்பதால் உங்களுக்காகச் சிலவற்றைத் தமிழில் தருகிறேன். இறாலுக்கு ஆலங்கரையின் பெயரையே வைத்தோம். ஆளின் பெயர் வைக்க மனமில்லை. உடம்பு ஒளி ஊடுருவும், வெளிர் ரோஜா நிறம். குழி ஆறடிக்கும் மேல் ஆழம் போகும், வாசல் இரண்டு. ஆணின் பெரிய கையில் ஒன்பது பல், நான்காவது உள்ளே வளைந்தது. இதுவரை தெரிந்த எதற்கும் அப்படி இல்லை. பெயருக்கு ஆதாரமான உடல் அந்த நீல மூடிப் போத்தலில் இருந்ததுதான். இப்போது கொழும்பு மியூசியத்தில், ஒரு இலக்கத்தோடு.

இங்கே நிலைமை அப்படியேதான். கட்டுரையை அனுப்பினோம். கோப்பில் சேர்த்துக்கொண்டோம் என்று பதில் வந்தது. அந்தப் பதில் வந்த கிழமையே மண் தோண்டும் பெக்கோ வந்து வடக்குப் பக்கத்தை வெட்டிவிட்டது. இப்போது அங்கே சதுரம் சதுரமாகக் குளம், வேறு இறால் வளர்க்க. தெற்கே வேலாயி அக்கா வீட்டுப் பக்கம் ஒரு துண்டு மிச்சமிருக்கிறது. அதில் இன்னும் குழிகள் உண்டு. பெண் கிடைக்கிறது, ஆண் இல்லை. தினமும் இறங்குகிறேன்.

அலுத்துவிட்டது உம்மா. ஆனாலும் இறங்குகிறேன்.

றிப்தா

*

அலவத்துகொட.
09.03.2025

அருமை மகளுக்கு,

வஅலைக்கும் ஸலாம். நோன்பு நல்லபடி போகிறது. மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நீ தந்த பிரதியைச் சஞ்சீவனியிடம் கொண்டுபோனேன். முழுவதையும் சொல்லச் சொன்னேன். நீ தமிழில் எழுதாமல் விட்ட வரியையும். "ஓடு மென்மையாகிவிட்டது, சேகரித்தவரின் தவறான பாதுகாப்பு முறையால்." அப்படியா போட்டிருக்கிறாய்? சேகரித்தது நீ. கழுவி ஊற்றியது நான். அச்சில் வந்ததை இனி மாற்ற முடியாதாம், கேட்டுப் பார்த்துவிட்டேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். பாயிஸுக்கும் இது தெரியாது. உன் வாப்பா மௌத்தாகும்போது உனக்கு நாலு வயது. நல்ல மனிதர், ஊரில் கேட்டுப்பார். ஆனால் அந்த நெடி அவரோடுதான் இந்த வீட்டுக்குள் வந்தது. அதே அலுமாரி, அதே கீழ்த் தட்டு. கேட்டால் மருந்து என்பார். நான் கானில் ஊற்றிவிட்டுப் போத்தலைக் கழுவி வைப்பேன், நாலு நாளில் திரும்ப நிறைந்திருக்கும். நீயும் மருந்து என்றே எழுதினாய். ஸ்பிரிட் என்று எழுதியிருந்தால் கோபம் வந்திருக்கும், இரண்டு ஏச்சு ஏசியிருப்பேன். ஆனால் போத்தலைத் தொட்டிருக்க மாட்டேன்.

பெருநாளைக்கு வா. வராவிட்டாலும் சேற்றில் இறங்கு. அடுத்த ஆண் கிடைத்தால் அம்ஜத்திடம் கொடுத்துவிடு. கீழ்த் தட்டு காலியாக இருக்கிறது. உள்ளே என்ன ஊற்றியிருக்கிறாய் என்று வெளியே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டு.

உம்மா